ஹைப்போவா, ஹைப்பரா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டை எப்படிப் படிப்பது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அந்தத் தாளில் இருக்கும் கிரேக்கச் சொற்களைப் பற்றித்தான். 34 வருடம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அப்பா தமிழாசிரியர். திண்ணையில் உட்கார வைத்து வெண்பாவுக்கு அலகிடக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடம் பின்னாளில் ஆஸ்பத்திரிச் சொற்களுக்கு உதவும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது நர்சிங் முதலாண்டு. ‘ஈசோபேகோகேஸ்ட்ரோடியோடினாஸ்கப்பி’ என்ற சொல்லை வகுப்பில் வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் நின்றுவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். அசை அசையாகப் பிரித்துப் படி என்கிறார் மேடம். பிரித்தாலும் ஒன்றும் புரியவில்லையே?
– மாணவி, திண்டுக்கல்

மகளே, உங்கள் மேடம் சொன்னது சரிதான், ஆனால் அது பாதிதான். அசை பிரிப்பது நாக்குக்காக. அர்த்தம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் வெட்ட வேண்டும். இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழாது.

பள்ளியில் வெண்பாவை அலகிட்டது நினைவிருக்கிறதா? சீர் பிரிக்கும்போது சொல் எங்கே முடிகிறது என்று பார்க்க மாட்டோம். ஓசைக்காகச் சொல்லையே இரண்டாக உடைத்து, பாதியை இந்தச் சீரிலும் மீதியை அடுத்த சீரிலும் வைப்போம். அதற்கு வகையுளி என்று பெயர். ‘கேஸ்ட்ரெக்டமி’ என்ற சொல்லிலும் அதே கதைதான். வாயால் சொல்லும்போது கேஸ்-ட்ரெக்-ட-மி. பொருளுக்காகப் பிரித்தால் கேஸ்ட்ர் என்பது இரைப்பை, எக் என்பது வெளியே, டமி என்பது வெட்டு. இரைப்பையை வெட்டி வெளியே எடுப்பது. ‘ட்ரெக்’ என்று ஓர் உறுப்பும் கிடையாது, அப்படி ஒரு வேரும் கிடையாது. அசைகளை மட்டும் வைத்துக்கொண்டு பொருள் தேடியதால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை.

இப்போது உங்களை நிறுத்திய சொல்லுக்கு வருவோம். கரும்பைக் கணுவில் ஒடிப்பது போல ஒடியுங்கள். ஈசோபேகோ, உணவுக்குழாய். கேஸ்ட்ரோ, இரைப்பை. டியோடினோ, முன்சிறுகுடல். ஸ்கப்பி, பார்ப்பது. ஒடிக்கும்போது கடைசித் துண்டை முதலில் கையில் எடுங்கள். என்ன செய்கிறார்கள்? பார்க்கிறார்கள். எதை? முன்னால் இருக்கிற மூன்றையும், வாய்வழியாகக் குழாய் இறங்கும் அதே வரிசையில். தமிழ் வழியில் படித்த உங்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு. ‘வாழைப்பழத்தோல்’ என்றால் முக்கியமானது தோல், அது கடைசியில்தான் நிற்கிறது. கிரேக்கமும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான்.

நடுவில் வரும் டியோடினோ மட்டும் கிரேக்கமல்ல, லத்தீன். பன்னிரண்டு என்று பொருள். கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் உடலை அறுத்துப் பார்த்துப் படித்த ஹெரோஃபிலஸ், அந்தக் குடல் பகுதி பன்னிரண்டு விரல் அகலம் நீளம் இருக்கிறது என்று கண்டு, கிரேக்கத்தில் ‘பன்னிரண்டு விரல்’ என்று பெயர் வைத்தார். லத்தீன்காரர்கள் மொழிபெயர்க்கும்போது விரல் விழுந்துவிட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் விரல்களைச் சேர்த்து வைத்துப் பன்னிரண்டு விரல்கிடை அளந்து பாருங்கள், சொல் ஒருபோதும் மறக்காது.

துண்டுகளுக்கு நடுவே ‘ஓ’, ‘ஓ’ என்று வருகிறதே, அது ஒட்டவைக்கும் உயிரெழுத்து. அதற்குத் தனிப் பொருள் கிடையாது. பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் விகுதி வந்தால் அந்த ‘ஓ’ போய்விடும். காசு, இல்லை இரண்டும் சேர்ந்தால் ‘காசில்லை’ ஆகும்போது உகரம் ஓடிவிடுகிறதே, அப்படி. கேஸ்ட்ரோவும், அழற்சியைச் சொல்லும் ஐட்டிஸும் சேர்ந்தால் கேஸ்ட்ரைட்டிஸ். ஆனால் ஓர் உறுப்பும் இன்னோர் உறுப்பும் சேரும்போது, உயிர் வந்தாலும் ‘ஓ’ நகராது. இரைப்பையோடு குடலும் (என்ட்ரோ) சேர்ந்தால் கேஸ்ட்ரோ-என்ட்ரைட்டிஸ்.

என் மாணவிகளிடம் நான் வற்புறுத்தியது ஒரே ஒரு பழக்கம். நோட்டில் சொல்லை எழுதுங்கள். பொருள் கணுவில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுங்கள். அசைக்கு நீலத்தில் கீழே புள்ளி வையுங்கள். கோடும் புள்ளியும் வேறு வேறு இடத்தில் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பயம் பாதி குறையும். சிரித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள் என்று நாளைக்குக் கேட்டுப் பாருங்கள்.

போட்டோகிராஃப் என்பதில் முதல் அசையில் அழுத்தம், போட்டாகிரஃபியில் இரண்டாவதில், போட்டோகிராஃபிக்கில் மூன்றாவதில் என்று மாணவர்களுக்கு நடத்துகிறேன். மருத்துவச் சொற்களிலும் இப்படி அழுத்தம் இடம் மாறுகிறதா? விதி ஏதாவது உண்டா?
– ஆங்கில ஆசிரியர், தஞ்சாவூர்

மாறுகிறது ஐயா. விதியும் உண்டு. அதைக் குறில், நெடில், ஒற்று என்ற மூன்று சொற்களாலேயே நாம் சொல்லிவிடலாம்.

இந்தச் சொற்கள் ஏதென்ஸிலிருந்து நேராக லண்டனுக்கு வரவில்லை. லத்தீன் வழியாக வந்தன. வரும்போது லத்தீனின் அழுத்த விதியைப் போர்த்திக்கொண்டன. விதி இதுதான். கடைசிக்கு முந்தின அசையைப் பாருங்கள். அது நெடிலாக இருந்தாலோ, ஒற்றெழுத்தால் மூடியிருந்தாலோ அழுத்தம் அங்கேயே விழும். வெறும் குறிலாக இருந்தால் அழுத்தம் ஓர் அசை முன்னால் நகர்ந்துவிடும்.

கார்-சி-னோ-மா. கடைசிக்கு முந்தினது ‘னோ’, நெடில், அழுத்தம் அங்கே. ட்யூ-பர்-க்யு-லோ-சிஸ், ‘லோ’வில். டய-பீ-ட்டிஸ், ‘பீ’யில். மூளையைச் சுற்றிய உறைகளுக்கு மெ-னின்-ஜீஸ் என்று பெயர். அங்கே ‘னின்’ ஒற்றால் மூடியிருக்கிறது, ஆகவே அழுத்தம் அதில். டை-ஆ-லி-சிஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘லி’ வெறும் குறில், அது தாங்காது, அழுத்தம் ‘ஆ’வுக்குப் போய்விடுகிறது. புற்று வேறு இடத்துக்குப் பரவுவதை மெ-டாஸ்-ட-சிஸ் என்கிறார்களே, அங்கேயும் ‘ட’ குறில், ஆகவே ‘டாஸ்’. நெக்-ரோ-சிஸ் என்பதும் ‘சிஸ்’ என்றுதான் முடிகிறது, ஆனால் ‘ரோ’ நெடில், அழுத்தம் அங்கேயே. ஒரே முடிவு கொண்ட சொற்கள் ஏன் வெவ்வேறு மாதிரி ஒலிக்கின்றன என்று மாணவர்கள் கேட்டால் இந்த இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

கார்டியாலஜி, தெர்மாமீட்டர், கேஸ்ட்ராஸ்கப்பி எல்லாம் இதே கணக்கு. அதனால்தான் அந்த ஒட்டு ‘ஓ’ மேலேயே அழுத்தம் ஏறி, அது ‘ஆ’ போலக் கேட்கிறது. பொருளே இல்லாத எழுத்து, சொல்லின் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. ‘இக்’ என்று முடிந்தால் வேறு கணக்கு. அதற்கு முந்தின அசையில் அழுத்தம். பக்கவாதத்துக்குப் ப-ரா-லி-சிஸ், ‘ரா’வில். பாரலிட்டிக் என்றால் ‘லிட்’டில். இந்த விதிகளுக்கு அடங்காத சொற்களும் உண்டு. சீதபேதியைச் சொல்லும் டிசென்ட்ரியில் அழுத்தம் முதல் அசைக்கே போய்விட்டது.

கிரேக்க நாட்டுக்காரர்கள் இன்றைக்கும் இப்படிச் சொல்வதில்லை என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். அவர்களுடைய கார்டியாலஜியில் அழுத்தம் கடைசிக்கு முந்தின ‘கீ’யில் விழுகிறது. ஆகவே நம் பிள்ளைகள் அழுத்தம் மாற்றிச் சொன்னால் கேலி செய்யாதீர்கள். கிரேக்கச் சொற்களின் அழுத்தத்தை ரோமாபுரிக்காரர்களே ஒருமுறை மாற்றிவிட்டார்கள். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் மாத்திரையைக் கொடுத்துச் சமமாகச் சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது. அந்த நாக்கில் தப்பு எதுவும் இல்லை.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் இருக்கிறேன். டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு டைப் செய்ய வேண்டும். ‘எக்டமி’, ‘ஆஸ்டமி’, ‘ஆட்டமி’ மூன்றும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. மூன்று முறை தவறாக அடித்துத் திட்டு வாங்கிவிட்டேன்.
– வாசகர், சென்னை

தம்பி, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த மூன்றிலும் வித்தியாசம் இருக்கும் அசையில்தான் அழுத்தமும் விழுகிறது.

டமி என்பது மூன்றிலும் பொது அல்ல, முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். எக்டமியிலும் ஆட்டமியிலும் இருப்பது ‘டோமே’, வெட்டு. ஆஸ்டமியில் இருப்பது ‘ஸ்டோமா’, வாய். பெருங்குடலைச் சொல்லும் கோலோ என்ற துண்டோடு சேர்த்துப் பாருங்கள். கொலெக்டமி என்றால் குடலை வெட்டி எடுத்துவிட்டார்கள். கொலாட்டமி என்றால் குடலைக் கீறித் திறந்தார்கள். கொலாஸ்டமி என்றால் குடலுக்கு வயிற்றின் மேல் புதிதாக ஒரு வாய் வைத்தார்கள். அந்த வாயில் பை ஒட்டியிருக்கும். நோயாளியின் வாழ்க்கையே மாறியிருக்கும். ஓர் எழுத்து தவறினால் இல்லாத வாயை எழுதிவிடுகிறோம், அல்லது இருக்கும் குடலை இல்லை என்று எழுதிவிடுகிறோம். உங்களைத் திட்டியவர் கடுமையாகப் பேசியிருக்கலாம், ஆனால் விஷயம் அவ்வளவு பெரியதுதான்.

காதுக்குப் பயிற்சி இப்படிக் கொடுங்கள். இரைப்பையை வைத்து மூன்றையும் உரக்கச் சொல்லுங்கள். கேஸ்-ட்ரெக்-ட-மி. கேஸ்-ட்ராஸ்-ட-மி. கேஸ்-ட்ரா-ட-மி. பின்னால் வரும் ‘டமி’ மூன்றிலும் மெலிந்து போய்விடும், அதைப் பிடிக்கப் போகாதீர்கள். பாரம் விழும் அந்த இரண்டாவது அசையில் மட்டும் காதை வையுங்கள். எக்கா, ஆஸ்ஸா, வெறும் ஆவா? நாம் தமிழர்கள் சொல்லைச் சமமாகக் கேட்டுப் பழகியவர்கள். அதனால் கடைசி வரை காத்திருந்து கோட்டை விடுகிறோம். இரண்டே வாரம் இப்படிக் கேட்டால் காது திரும்பிவிடும். அதற்குப் பிறகும் சந்தேகம் வந்தால் ஊகித்து அடிக்காதீர்கள். காலியிடம் விட்டுக் குறிப்பு எழுதி அனுப்புங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. போன மாதம் மயங்கி விழுந்தபோது ‘ஹைப்போ’ என்றார்கள். அதற்கு முன்னால் ஒருமுறை ‘ஹைப்பர்’ என்றார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.
– வாசகி, விருதுநகர்

கூச்சப்படவே கூடாதம்மா. இந்த இரண்டு சொற்களைத்தான் என் வேலைக்காலம் முழுவதும் பயந்து பயந்து காதில் வாங்கினேன்.

ஹைப்போ என்றால் கீழே, குறைவு. ஹைப்பர் என்றால் மேலே, அதிகம். ஹைப்போகிளைசீமியா, ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. பொதுவாக 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அப்படிச் சொல்வார்கள். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஹைப்பர் என்றால் சர்க்கரை ஏறிவிட்டது. அதற்கு மருந்து வேறு.

முந்தின பதிலில் சொன்ன எக்டமி, ஆஸ்டமி சொற்களில் வித்தியாசம் அழுத்தமான அசையில் இருந்தது. இங்கே நேர்மாறு. பாரம் ‘ஹை’யில் விழுகிறது, அது இரண்டிலும் பொது. அடுத்த பாரம் ‘சீ’யில், அதுவும் பொது. வித்தியாசம் முழுவதும் நடுவில் மெலிந்து கிடக்கும் ‘ப்போ’, ‘ப்பர்’ இரண்டில் ஒளிந்திருக்கிறது. வேகமாகப் பேசும் டாக்டர் வாயில் இரண்டும் ‘ஹைப்ப’ என்று போய்விடும்.

1987-இல் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் எனக்கு நைட் டூட்டி. நாலு நாள் பேதியோடு ஒரு பெரியவர் வந்து சேர்ந்திருந்தார். கண் உள்ளே போய், காலைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார். ராத்திரி லேபிலிருந்து போன். கரகரவென்று இரைச்சல். பயிற்சிக்கு வந்த பெண் ரிசீவரை எடுத்துக் கேட்டு, சீட்டில் ‘ஹைப்பர்கலீமியா’ என்று எழுதி கேஸ் ஷீட்டில் செருகிவிட்டாள். ரத்தத்தில் பொட்டாசியம் அதிகம் என்று அர்த்தம். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சீட்டைப் பார்த்ததும் அதை இறக்குவதற்கு இன்சுலினும் குளுக்கோஸும் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. பேதியில் பொட்டாசியம் வெளியே அல்லவா போகும், எப்படி ஏறும்? “சார், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போன் போட்டேன். ஹைப்போவா ஹைப்பரா என்று நான் கேட்கவே இல்லை. “நம்பர் சொல்லுங்க தம்பி” என்றேன். “ரெண்டு பாயிண்ட் ஆறு” என்றார். இருக்க வேண்டியது 3.5-லிருந்து 5 வரை. ஏற்கெனவே காய்ந்து கிடந்த மனிதருக்கு இன்னும் இறக்கியிருந்தால் இதயம் நின்றிருக்கும். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, பொட்டாசியத்தை சலைனில் கலந்து மெதுவாக ஏற்றச் சொன்னார். நான்காம் நாள் அந்தப் பெரியவர் தானாக எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. அவள் காதில் விழுந்த அசையைத்தான் எழுதினாள். அதற்குப் பிறகு என்னிடம் படித்த எந்த மாணவியும் அந்த இரண்டு சொற்களைத் தனியாகச் சொல்ல விட்டதில்லை. ‘ஹைப்போ, குறைவு, 2.6’ என்று மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீங்களும் டாக்டரிடம் “கூடவா, குறைவா, எவ்வளவு?” என்று கேளுங்கள். நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறேன். ஹைப்பர் என்றால் ‘உபரி’. ஹைப்போ என்றால் ‘உபதலைவர்’, ‘உபநதி’யில் வரும் ‘உப’, ஒரு படி கீழே. ஓசை ஒற்றுமைக்காகச் சொல்லவில்லை. அவை உண்மையிலேயே உறவுக்காரச் சொற்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

கிரேக்க மருத்துவச் சொற்கள் எல்லாம் தமிழிலிருந்து போனவை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. ஆஸ்டியோ என்பது ‘அஸ்தி’, டோன்ட் என்பது ‘தந்தம்’ என்று பட்டியலே இருந்தது. உண்மையா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

பட்டியலில் உள்ள ஒற்றுமை உண்மை ஐயா. காரணம்தான் தவறு. அஸ்தி, தந்தம், பாதம், உபரி எல்லாம் நாம் அன்றாடம் புழங்கும் சொற்களே, ஆனால் வடமொழியிலிருந்து வந்தவை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று 1786-இல் மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசினார். ஆகவே அஸ்தியும் ஆஸ்டியோவும் அக்கா தங்கை. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கவில்லை. நம் தமிழ் வேறு குடும்பம். அதைச் சான்று காட்டி முதலில் அச்சில் நிறுவியவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், 1816-இல். கால்டுவெல் விரிவாக எழுதியது 1856-இல். தமிழ் தனிக் குடும்பம் என்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. கடன் கொடுத்த கணக்கு காட்டித்தான் பெருமைப்பட வேண்டும் என்பதில்லை.

ஆனால் படிப்புக்கு இந்த உறவு மிகவும் பயன்படும். எலும்பு நோய் பற்றிய சொல் எதிலாவது ஆஸ்டியோ வந்தால் அஸ்தியை நினையுங்கள். பல்லைச் சீராக்கும் ஆர்த்தோடான்டிஸ்ட் பெயருக்குள் தந்தம் இருக்கிறது. இதயத்தைச் சுற்றிய உறை பெரிகார்டியம். அந்த ‘பெரி’தான் கோயிலில் தலையைச் சுற்றிக் கட்டும் பரிவட்டத்தில் வரும் ‘பரி’. டிசென்ட்ரி, அஜீரணத்தைச் சொல்லும் டிஸ்பெப்சியா இவற்றில் வரும் ‘டிஸ்’, துர்நாற்றத்தில் வரும் ‘துர்’. இன்னும் அழகானது ஒன்று. நீதி அநீதியாகும்போது வெறும் ‘அ’. ஏகம் அநேகமாகும்போது, உயிர் வருவதால், ‘அன்’. கிரேக்கத்திலும் அதே ஏற்பாடு. பேச்சு போய்விட்டால் அஃபேசியா, ரத்தம் குறைந்தால் அனீமியா.

தமிழ் நாட்டுக்கும் கிரேக்கத்துக்கும் நேரான தொடர்பு வேண்டுமென்றால் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் தேடுங்கள். முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கரிடிஸ் தன் மூலிகைப் பட்டியலில் சேர்த்த ‘சிங்கிபெரி’, நம் இஞ்சி என்ற சொல் பிராகிருதம் வழியாகப் பயணம் போனதுதான் என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

‘ஐட்டிஸ்’ என்று முடிந்தாலே வீக்கம், அழற்சி என்றுதான் பொருளா?
– வாசகர், சேலம்

இன்றைக்கு அப்படித்தான். ஆனால் பழைய கிரேக்கத்தில் அதற்கு ‘சேர்ந்த’ என்றுதான் பொருள். நோய்க்கு அவர்கள் சொல் ‘நோசோஸ்’, அது பெண்பால். ‘ஆர்த்ரீட்டிஸ் நோசோஸ்’ என்றால் மூட்டைச் சேர்ந்த நோய். ஆர்த்ரீட்டிஸ் வெறும் பெயரடை. நாளடைவில் நோசோஸ் உதிர்ந்தது. பின்னால் வந்த மருத்துவர்கள் அழற்சிக்கு மட்டும் அந்த விகுதியை ஒதுக்கிக்கொண்டார்கள். அழுத்தம் எப்போதும் அந்த ‘ஐ’யில்.

நிமோனியா என்று எழுதும்போது ஆங்கிலத்தில் முதலில் ‘பி’ போடுகிறோம், சொல்வதில்லை. பிறகு எதற்கு அது?
– பள்ளி மாணவன், கோவில்பட்டி

கிரேக்கர்கள் அதைச் சொன்னார்கள், கண்ணா. ஆங்கிலேயர் நாக்குக்குச் சொல்லின் தொடக்கத்தில் ‘ப்ன’ என்ற கூட்டு வராது. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்று படித்திருப்பாய், கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனால் அந்த ‘பி’ செத்துப் போகவில்லை. முன்னால் ஓர் உயிரெழுத்து வந்து கை கொடுத்தால் எழுந்துவிடும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதை ஆப்னியா என்கிறார்கள். ‘அ’ என்றால் இல்லை, ‘ப்னி’ என்றால் மூச்சு. அங்கே ‘ப்’ முதல் அசையோடு ஒட்டிக்கொண்டு தெளிவாகக் கேட்கிறது. ஹெலிகாப்டரையும் டெரோடாக்டிலையும் பார். இரண்டிலும் இறக்கை என்ற ஒரே கிரேக்கச் சொல், ‘ப்டெரோன்’. ஒன்றில் ‘ப்’ கேட்கிறது, இன்னொன்றில் எழுத்தில் மட்டும் இருக்கிறது. ஹெலிகாப்டரை ஹெலி, காப்டர் என்று பிரிக்கிறோமே, உண்மையான கணு ஹெலிகோ, ப்டர். திருகு, இறக்கை.

‘சர்க்கரை நோய்’ என்கிறார்கள், ‘நீரிழிவு’ என்கிறார்கள். எது சரி? டயபீட்டிஸுக்கு எது நெருக்கம்?
– வாசகி, பாளையங்கோட்டை

இரண்டும் சரி. நெருக்கம் என்று கேட்டால் நீரிழிவு. இழிதல் என்றால் மேலிருந்து கீழே இறங்குதல். நீர் இறங்கிக்கொண்டே இருக்கும் நோய். கிரேக்கத்தில் ‘டயா’ என்றால் ஊடாக, ‘பீட்’ என்ற பகுதி நடப்பதைக் குறிக்கும் வேர். ஊடாகப் போய்க்கொண்டே இருப்பது. எவ்வளவு குடித்தாலும் உடம்பில் தங்காமல் குழாய் வழியாக ஓடுவது போல ஓடிவிடுகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர்களும் பெயர் வைத்தார்கள். இரண்டு ஊர்களில் இரண்டு வைத்தியர்கள் ஒரே நோயாளியின் கட்டிலருகில் நின்றது போல இருக்கிறது. பின்னால் ஒட்டிய ‘மெலிட்டஸ்’ லத்தீன், தேன் போல இனிப்பானது என்று பொருள். சித்த வைத்தியர்கள் சொல்லும் மதுமேகத்திலும் ‘மது’ என்றால் தேன்தான்.

டிஃப்தீரியா என்ற சொல்லை எப்படிப் பிரிப்பது? பிரிக்க முயன்று தோற்றுவிட்டேன். பேரனுக்குத் தடுப்பூசி அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறது.
– வாசகர், பட்டுக்கோட்டை

அதைப் பிரிக்க வேண்டாம் ஐயா. அசை பிரியும், டிஃப்-தீ-ரி-யா, அழுத்தம் ‘தீ’யில். ஆனால் வேர் ஒன்றே. ‘டிஃப்தெரா’ என்றால் தோல், பதனிட்ட தோல். 1826-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பிரெத்தோனோ அந்த வேரிலிருந்து நோய்க்குப் பெயர் வைத்தார். நாம் தொண்டை அடைப்பான் என்கிறோம்.

நான் மாணவியாக இருந்தபோது அந்த நோயைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வயது இருக்கும் பெண் குழந்தை. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போது கொர் என்று சத்தம். சிஸ்டர் டார்ச் அடித்து, நாக்கைத் தாழ்த்திப் பிடித்து, “பார்த்துக்கோ” என்றார். உள்நாக்குக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில், பழைய செருப்புத் தோலை நறுக்கி ஒட்டினாற்போல ஒரு படலம். சுரண்டினால் ரத்தம் வரும் என்று தொடவிடவில்லை. அன்று இரவே குழந்தையின் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். டிரேக்கியாஸ்டமி. டிரேக்கியா என்றால் சொரசொரப்பானது, மூச்சுக்குழாயின் வளையங்களைத் தடவிப் பார்த்து வைத்த பெயர். ஆஸ்டமி, வாய். குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாள் வகுப்பில் டிஃப்தெரா என்றால் தோல் என்று மேடம் சொன்னபோது நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

பேரனின் அட்டையில் அந்தப் பெயருக்கு எதிரே எல்லாத் தேதிகளும் எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் ஊசி ஆறாவது வாரம், பிறகு பத்தாவது, பதினான்காவது வாரம், அப்புறம் ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும். ஒன்று விட்டிருந்தாலும் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.